தஞ்சாவூரின் கடைசிக் கைகாட்டி

நீராவி எஞ்சின் ஓட்டியவர்கள் இறந்ததும் ஆட்-ஆனில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார்கள். ஆட்-ஆன் என்பது, கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டுக்குத் தனியாக வாங்கிச் சேர்க்கும் எஞ்சின். அவற்றைத் தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் புகார்களைக் கவனிப்பது என் வேலை. பெரும்பாலும் நீராவி போதிய அளவு வெண்மையாக இல்லை என்பார்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெண்மையாகத் தெரிவது ஆறிப்போன நீர்த்துளி. இதை நான் விளக்கத் தொடங்கியதும் பலர் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள்.

எங்கள் எஞ்சினை வாங்கிய அமலோற்பவம் அக்கா மீது வந்த புகார் வேறு வகை. கொடுத்தவர்கள் அவருடைய வண்டியின் பயணிகள். தஞ்சாவூருக்கு வெளியே கடைசிக் கைகாட்டியில் ஆடி மாதத்திலிருந்து வண்டி நிற்கிறது, உள்ளே கல்யாணப் பெண் இருக்கிறாள் என்றார்கள்.

திருச்சியில் இருந்த அவர் வீட்டுக்கு ஒரு பிற்பகலில் போனேன். பயணிகள் சிலர் கணினித் திரையிலிருந்து இறங்கி வந்து மாடிக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். மணப்பெண்ணின் தாய்மாமன் சமையலறையில் சொம்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் கம்பெனியா? மாப்பிள்ளைக்கு முன்மண்டை வழுக்கை விழுந்துடுச்சாம். இன்னும் கொஞ்சம் தள்ளிப்போச்சுன்னா பொண்ணே வேணாங்கும்."

விதி எளியது. போகலாம் என்று கைகாட்டி இறங்கியதும் ஓட்டுநர் அதை உரக்கச் சொல்ல வேண்டும். உடன் இருப்பவர், விளையாட்டில் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவர், அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வண்டியை எடுக்கக் கூடாது. ரயில்வேயின் பழைய வழக்கம் இது. நாங்கள் எதையும் மாற்றவில்லை. இறந்த ஓட்டுநருக்கு ஒரே ஒரு பயணம்தான், சேர வேண்டிய ஊரில் இறங்கிப் போய்விடுவார் என்பதையும் உறையிலேயே அச்சடித்திருக்கிறோம். விழுப்புரத்திலிருந்து, இறந்துபோன தன் கணவர் ஞானாதிக்கத்துக்கு ஒவ்வொரு கைகாட்டியிலும் குரல் கொடுத்து வந்த அக்கா, கடைசியில் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் சாமான் எதுவும் இல்லை. எஞ்சினில் கரி தீர்ந்ததும் நாற்காலிகளைத் திரைக்குள் கொடுத்திருந்தார். பிறகு அலமாரி, பிறகு கதவுகள். தீ அணைந்தால் ஓட்டுநரும் எஞ்சினோடு ஆறிப்போவார். அப்புறம் எந்த ஊரிலும் இறங்க மாட்டார். இப்போது அக்கா உட்கார்ந்திருந்த முக்காலி மட்டும்தான் மிச்சம்.

ஞானாதிக்கம் எஞ்சினிலிருந்து தலையை நீட்டினார்.

"கைகாட்டி இறங்கியாச்சு."

அக்கா முக்காலியைத் திரைக்கு இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அமலு, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"எனக்குத் தெரியலை. கண்ணாடி இல்லை."

"மூக்கு மேல இருக்கிறது என்னவாம்?"

"அது படிக்கிற கண்ணாடி."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமலில் வெண்மை எதுவும் வரவில்லை. கொதிகலனில் நீராவி தீர்ந்துகொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அக்காவிடம் விளக்க வாயெடுத்தேன். அக்காவும் அந்த இருமலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம கல்யாணக் கட்டில் நல்லா எரிஞ்சுது அமலு," என்றார் ஞானாதிக்கம். "தேக்குல்ல."

"உங்கப்பா வேம்புன்னுல்ல சொன்னாரு."

"அவருக்கு என்ன தெரியும்."

அக்கா எழுந்தார். முக்காலியைத் தூக்கித் திரைக்குள் கொடுத்தார். ஞானாதிக்கம் அதை வாங்கி, கால்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுப்பில் போட்டார். தாய்மாமன் சொம்பைக் கவிழ்த்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டார். மாடியிலிருந்தவர்கள் ஈரத் துணியோடு இறங்கி வந்தார்கள்.

"குளிருதா?" என்று அக்கா கேட்டார்.

"கொஞ்சம்."

"தஞ்சாவூர்ல வெயிலா இருக்கும்." பிறகு, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "கைகாட்டி இறங்கியாச்சு."

வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டி போனபின் திரையில் தண்டவாளமும் ஒரு கொக்கும் மட்டும் இருந்தன.

பக்கத்து வண்டி புறப்பட்டால் நம் வண்டி நகர்வது போலத் தோன்றும். அந்த மயக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஜன்னலில் எதிர்வீட்டு முருங்கை மரம் போயிற்று. மருந்துக் கடை போயிற்று. பிறகு கொள்ளிடம் வந்தது. வீடு வடக்கே, விழுப்புரம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கா முந்தானையை விரித்து ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

லால்குடியில் வீடுகள் அதிக நேரம் நிற்பதில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"அடுத்து எந்த ஊரு தம்பி?" என்று ஜன்னலிலிருந்து கேட்டார்.

புள்ளம்பாடி என்றேன். கம்பியைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் என்னைக் கடந்து போயின.