பாலை மரத்தின் சுருட்டுப் புகை

முள்ளியவளைக்குத் தெற்கே உள்ள தேக்கங்காடு பதினாறு வருசமாக வானத்துக்குக் கதவடைத்துக் கிடந்தது. மாரி மழை அதன் உச்சியில் ஓட்டுக் கூரையில் விழுவதுபோல விழுந்து ஓரங்களால் வடிந்து போனது. உள்ளே ஒரு துளி இறங்கவில்லை. இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. யாரும் அதிசயப்படவில்லை. அந்த வருசங்களில் மண்ணெண்ணெய் விலையும் நெல்லு விலையுமே ஊரில் பெரிய கதையாக இருந்தன.

காடு அப்படிப் பழகியது யுத்தத்தின் கடைசி மாரியில். ஆளில்லாத உளவு விமானத்தைச் சனம் வண்டு என்றுதான் சொல்லும். அது இரைந்துகொண்டு வந்தால் தேக்குகள் கிளையோடு கிளை கோத்து, அகன்ற இலைகளை ஓடு வேய்வதுபோல அடுக்கி, கீழே தறப்பாள் கூடாரம் கட்டியிருந்த குடும்பங்களை மறைத்தன. கஞ்சி காய்ச்சிய அடுப்புப் புகையைக்கூட வெளியே விடவில்லை. காட்டின் நடுவில், தேக்குகளுக்கு மேலால் தலை நீட்டியபடி ஒரு பாலை மரம் நின்றது. அதன் கவட்டில் ஏறி வானம் பார்ப்பது வீரபாகுவின் வேலை. முரசுமோட்டையில் வயல் செய்த கமக்காரன், வாயில் எப்போதும் சுருட்டு. வண்டு மேலே நிற்கும்வரை அதைப் பற்றவைக்காமல் பல்லுக்குள் கடித்துக்கொண்டிருப்பார். அது போய்விட்டது என்பதற்கு, வண்டு போட்டுது, வாங்கோ என்று ஒரு குரல் வைப்பார். பிறகுதான் நெருப்புப்பெட்டியை எடுப்பார். சனமும் மரங்களும் அந்தக் குரலுக்குத்தான் அசையும். அதற்கு முன் ஒரு இலைகூட அவசரப்பட்டு விலகாது.

ஒருநாள் குரல் வரவில்லை, ஷெல் வந்தது. சனம் சிதறி ஓடியது. வீரபாகுவின் மனைவி இராசேஸ்வரி மகளை இழுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓடினாள். வீரபாகு பாலையிலிருந்து இறங்கியதை ஒருவரும் காணவில்லை. மரங்கள் ஓட முடியாத சாதி. குரல் வரட்டும் என்று மூடியபடியே நின்றுவிட்டன. பிறகு காட்டுக்குள் மிதிவெடி விதைக்கப்பட்டது, மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் முளைத்தன. யுத்தம் முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பிய இராசேஸ்வரி முரசுமோட்டைக்குப் போகவில்லை. காட்டோரத்திலேயே கொட்டில் போட்டு, பிறகு கல்வீடு கட்டி, மகளைக் கட்டிக்கொடுத்து, நெற்றிக் குங்குமம் அழியாமல் இருந்தாள். மத்தியானத்தில் அவருக்கென்று ஒரு கோப்பைச் சோற்றை மூடிவைப்பாள். ஆள் இல்லை என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி வந்த உத்தியோகத்தர்களைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். வீரபாகு இன்னும் குரல் வைக்கவில்லை, அவளுக்கு அவ்வளவுதான்.

போன வருசம் தேக்கைக் குடையும் புழு வந்தது. காட்டோரத்தில் மரத்தூள் மாவுபோலக் கொட்டியது. மிதிவெடியால் உள்ளே கால் வைக்க முடியாதென்று வனத் திணைக்களம் கோகுலன் என்ற உத்தியோகத்தனை ட்ரோனோடு அனுப்பியது. நோய் பிடித்த மரத்தின் உச்சி மஞ்சளாகும், மேலே நின்று பார்த்தால் தெரியும், அவற்றை மட்டும் தறித்தால் மற்றவை தப்பும் என்று அவன் ஊராருக்கு விளங்கப்படுத்தினான். ட்ரோன் எழும்பி இரைந்தது. உலை வைத்துவிட்டு நின்ற இராசேஸ்வரி, பழைய வண்டின் நினைப்பில் தன்னை அறியாமல் குசினி அடுப்பில் தண்ணியை ஊற்றினாள். அந்த ஒழுங்கையில் எல்லா வீட்டு அடுப்பும் அப்படியே அணைந்தது. அன்று மத்தியானம் ஒருவரும் சாப்பிடவில்லை. காடும் சும்மா இருக்கவில்லை. சுகமான மரங்கள் நோயாளி மரங்களின்மேல் கிளையைப் போட்டு இறுக்கிக்கொண்டன. கோகுலனின் திரையில் ஒரே பச்சைதான் தெரிந்தது.

அவன் ஒரு கிழமை மெனக்கெட்டும் காடு இளகவில்லை. எந்த மரம் நோயாளி என்று தெரியாவிட்டால், வெடிக்கு அசையாத கவச இயந்திரத்தை விட்டு முழுக்காட்டையும் வழித்துவிடுவது என்று மேலிடம் முடிவெடுத்தது. பாலையும் அதோடு போகும். அந்த நாளில் தறப்பாளுக்குள் இருந்தவர்களில் ஒருவர், பக்கத்து வளவுச் சிவராசா, வேலியைப் பிடித்துக்கொண்டு இராசேஸ்வரியிடம், மரங்கள் இன்னும் குரலுக்குத்தான் காத்து நிற்கின்றன, இனி அதை வைக்க உரிமையுள்ள ஆள் நீதான் பிள்ளை என்றார். இராசேஸ்வரிக்குக் கோபம் வந்தது.

"அவர் வந்து சொல்லுவார். அவரின்ர வேலையை நான் ஏன் செய்யவேணும்?"

இரண்டு நாள் அவள் காட்டோரத்துக்கும் குசினிக்குமாக நடந்தாள். சொன்னால் காடு தப்பும். சொன்னால், அவர் இனிச் சொல்லமாட்டார் என்றும் ஆகிவிடும். பதினாறு வருசம் கட்டிக்காத்ததைத் தன் வாயாலேயே அவிழ்க்கச் சொல்கிறார்களே என்று மூடிவைத்த கோப்பையைப் பார்த்துக் கேட்டாள்.

மூன்றாம் நாள் காலை ட்ரோன் மேலே இரைந்துகொண்டிருக்க, சிவப்புப் பலகையடியில் போய் நின்றாள்.

"இது அந்த வண்டு இல்லை. அந்த வண்டு போட்டுது. வாங்கோ."

கிளைகள் ஒன்றையொன்று விட்டன. முதலில் புகை எழும்பியது. பதினாறு வருசத்துக்கு முந்திய அடுப்புகளின் புகை, கஞ்சி வாசத்தோடு ஊர்மேல் பரவியது. சிவராசா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்தக் கஞ்சிக்குக் காத்திருந்த அவருடைய இளைய மகள் கடற்கரைக்கு ஓடியதோடு செத்துப்போனாள். புகை கலைந்ததும் மஞ்சள் உச்சிகள் தெரிந்தன. கோகுலன் படமெடுத்தான்.

பாலை மட்டும் திறக்கவில்லை. அது தேக்கில்லைத்தானே, விடுங்கோ அம்மா என்றான் கோகுலன். அவள் விடவில்லை. புருசனின் பெயரை வாயால் சொல்லாத வழக்கத்தில் வளர்ந்தவள். முதல் வைத்த குரல் ஊருக்கானது என்று அவளுக்கு விளங்கியது. கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, குசினி வாசலில் நின்று சாப்பாட்டுக்குக் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ. எல்லாரும் போட்டினம். நீங்களும் இறங்குங்கோ."

பாலை மெதுவாக விரிந்தது. அதற்குள்ளிருந்து நூல்போல ஒரு புகை மேலே போனது. நெருப்புப் பிடித்துவிட்டதோ என்று கோகுலன் பதறினான். காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது சுருட்டு மணந்தது.

"நெருப்பில்லைத் தம்பி. அவர் சுருட்டுப் பத்துறார்."

கோகுலன் புகை ஓயும்வரை ட்ரோனைத் தள்ளியே பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு வந்த கிழமைகளில் வெடி அகற்றுவோர் நோயாளி மரங்களுக்கு மட்டும் பாதை வெட்டிக் கொடுக்க, அவை தறிக்கப்பட்டன. ட்ரோன் இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. அடுப்பை ஒருவரும் அணைப்பதில்லை.

இராசேஸ்வரி அன்று வீட்டுக்குப் போய், கிணற்றடியில் நின்று, செத்தவீட்டுக்காரர் முழுகுவதுபோல வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றினாள். ஈரச் சீலையோடு சோறாக்கி, அவருக்குப் போட்ட கோப்பையை மூடாமல் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வேலியோரத்தில் காகத்துக்கு வைத்தாள். அந்த வருச மாரி காட்டுக்குள்ளும் பெய்தது.