மேலத்தெருக் கொப்பரை

1931-ஆம் வருஷம் ஆனி மாதம் ஒன்பதாம் தேதி காலையில், தென்காசி மேலத்தெருவில் பேராச்சியின் வாசலில் ஓர் எண்ணெய்க் கொப்பரை நின்றது. நெஞ்சு உயரம். அடியில் நெருப்பு இல்லை. ஆனாலும் குமிழி விட்டுப் புகைந்துகொண்டிருந்தது. முந்தின நாள் கோயில் பந்தலில் பிரசங்கியார் வல்லிநாயகம் சொன்ன கொப்பரைதான் அது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவர் சொன்னதெல்லாம் மறுநாள் வந்துகொண்டுதான் இருந்தது. பொய் சொன்னவன் நாக்கில் தேள் குடியேறும் என்றார். விடிந்ததும் எட்டுப் பேர் வெற்றிலையோடு தேளையும் துப்பினார்கள். அதில் இருவர் வக்கீல் குமாஸ்தா. பாவம் பெருகினால் வானம் திரிகைக் கல் மாதிரி இறங்கும் என்றார். மறுநாள் மத்தியானம் வரை வானம் ஓட்டுக் கூரைகளில் உரசிக்கொண்டு நின்றது, பால்காரர்கள் குனிந்தே போனார்கள். அதற்கடுத்து, பொய்ச் சாட்சி சொன்னவர்களை எமலோகத்தில் வடையைப் போல் பொரித்தெடுப்பார்கள் என்றார்.

பேராச்சியின் புருஷன் தளவாய், தம்பி பிச்சையாவை ஜெயிலுக்கு அனுப்பாமல் காப்பாற்றக் கோர்ட்டில் பொய்ச் சாட்சி சொன்னவன். போன தை மாதம் காய்ச்சலில் போய்விட்டான். கொப்பரைக்குள் கிடப்பது அவன்தான் என்று பேராச்சி முடிவு கட்டினாள். ஒவ்வொரு குமிழி உடையும்போதும் அவன் மூச்சு முட்டுவதாகவே அவளுக்குக் கேட்டது. இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. ஆலங்குளம் பஸ் வேறு வழியாகப் போனது.

சேதி கேட்டுக் குற்றாலத்திலிருந்து பிச்சையா ஓடிவந்தான். சீசனுக்கு வருகிறவர்களுக்கு அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவது அவன் தொழில். "எனக்காகப் பொய் சொன்ன அண்ணனப் பொரிக்கியளோ?" என்று கொப்பரையை நெருங்கினான்.

"ஏலே, கிட்டப் போவாத! கருகிப் போவ!" என்று ஜன்னல்கள் கத்தின.

பிச்சையா மடியிலிருந்து ஒரு மிளகை எடுத்து உள்ளே போட்டான். அருவிக்கரையில் காய்ச்சிய எண்ணெயை உடம்பில் வைக்குமுன் அப்படித்தான் பார்ப்பார்கள். மிளகு வெடிக்கவில்லை. சும்மா மிதந்தது.

"மதினி, மிளகு பொரியல. இது பொரிக்கிற சூடு இல்ல, தேய்க்கிற சூடு."

"வாய்க்கு வந்ததச் சொல்லாதிய கொழுந்தனாரே. உங்கண்ணன் உள்ள கெடக்காவ."

"அப்படின்னா நீங்களே பாருங்க."

பேராச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொப்பரைக்குள் இறங்கினாள். தலையும் தோளும் மட்டும் வெளியே தெரிந்தன. காலால் அடி முழுக்கத் துழாவினாள். செம்புத் தகடு வழுக்கியது. வேறொன்றும் இல்லை. இன்னொரு தரம் துழாவினாள்.

"இங்கன அவுக இல்ல!" என்று கத்தினாள். கத்திவிட்டுச் சிரித்தாள்.

பிரசங்கியார் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். "நான் எதையும் பாத்துட்டுச் சொல்லலம்மா. கூட்டம் தூங்கிரக் கூடாதேன்னு..."

"அதுக்கு வடையவா சொல்லுவிய அண்ணாச்சி? பாதிப் பேரு பசியிலல்லா முழிச்சிருப்பான்!"

அன்று மாலை பிரசங்கியார், இறைவன் கருணை சாரலைப் போன்றது என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டார். மறுநாள் சாரல் அடித்தது. ஆனியில் அடிப்பதுதான் என்று ஊர் விட்டுவிட்டது. பேராச்சி மூன்று வேளையும் சாப்பிட்டாள்.

கொப்பரை நகரவில்லை, எண்ணெயும் குறையவில்லை. முனிசிபாலிட்டி தகர மூடி போட்டுக் கொடுத்தது. பின்னால் வந்த உலகச் சண்டைக் காலத்தில் புருஷனையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர்கள் சுரண்டையிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் வருவார்கள். பேராச்சி ஒன்றும் கேட்காமல் மூடியைத் திறந்துவிடுவாள். அவர்கள் இறங்கி, மூலை முடுக்கெல்லாம் துழாவிப் பார்த்துவிட்டு ஏறுவார்கள். பிறகு சீயக்காய் தேய்த்துக் குளித்து, தலை காயுமுன் அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார்கள்.