பதினெட்டு வருஷத்து நம்பர்

முகமது இஸ்மாயிலுக்குச் சிக்கனம் கிளம்பிவிட்டால் வீட்டில் யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. போன வருஷம் ஏர்கான் மேல் கிளம்பியது. இந்த நோன்பு மாதத்தில் போன் மேல். மாதாமாதம் பில் கட்டும் லைன்களை ரத்து செய்துவிட்டு, சிங்கப்பூர் டன்லப் தெருவில் தன் சூட்கேஸ் கடைக்கு எதிர்க்கடையிலிருந்து மூன்று மலிவு போன்களும் ப்ரீபெய்ட் கார்டுகளும் வாங்கி வந்தார். மனைவி ஜரீனாவுக்கு ஒன்று, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று. மேசையில் பரப்பிவிட்டு, நாட்டுக்கே விடுதலை வாங்கித் தந்தவர் மாதிரி நின்றார்.

"உங்க போன் எங்கே, அத்தா?" என்றாள் மகள் முஸ்கான்.

"என்னுது கடை நம்பர். அதை எப்படி மாத்துறது லா?"

ஜரீனா போனைத் திருப்பிப் பார்த்தாள். "இதுல என் பழைய நம்பர்தானேங்க?"

"அது வேணும்னா ஃபார்ம் எழுதணும், ஒரு நாள் காத்திருக்கணும். புது நம்பர் எடுத்தா கவர் ஃப்ரீ. மூணு கவர்!"

ஜரீனா போனை மேசையிலேயே திரும்ப வைத்தாள். முட்டையும் தேங்காய்ப்பாலும் குலா மலாக்கா வெல்லமும் சேர்த்து அவள் அவிக்கும் வட்டலப்பத்துக்குப் பெருநாள் ஆர்டர்கள் அந்த நம்பரில்தான் வரும். பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு டப்பாவிலும் அதை ஒட்டித்தான் அனுப்பினாள். பிடோக்கிலிருந்து உட்லண்ட்ஸ் வரை எத்தனையோ வீட்டு ஃப்ரிஜ்ஜில் அது ஒட்டியிருக்கிறது. கூப்பிடுகிறவர்களைக் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் யாருடைய நம்பரையும் அவள் எழுதி வைத்ததில்லை. இந்த வருஷக் காசில்தான் தங்கை ஹஸீனாவோடு மக்காவுக்கு உம்ரா போவதாக இருந்தாள். முன்பணம் கட்டியாகிவிட்டது. மீதிக்குக் கணவரிடம் கை நீட்ட முடியாது. கஃபாவை யூடியூபிலேயே பார்க்கலாமே என்பார்.

இதையெல்லாம் சொன்னாள். "நாலு பேருக்கு இனிப்பு அவிக்கிறே. அதுக்குப் போய் இவ்வளவு பேச்சா? வேணுங்கிறவங்க வீடு தேடி வருவாங்க" என்றார். ஜரீனாவுக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் கம்பெனிக்குப் போன் போட்டாள். ரத்தான நம்பரைத் திருப்பித் தர முடியாது என்றார்கள், ரொம்ப மரியாதையாக.

மற்ற வருஷங்களில் இருபதாம் நோன்புக்குள் ஆர்டர் குவிந்துவிடும். இந்த வருஷம் இரண்டே இரண்டு வந்தன, இரண்டும் பக்கத்து வீடு. புதுப் போனில் தவறாமல் வந்தது டாப்-அப் விளம்பரம் மட்டும்தான்.

இருபத்திரண்டாம் நோன்பன்று பள்ளிவாசலில் கஞ்சி வாங்க வரிசையில் நின்றாள். பின்னாலிருந்து ஒரு கை தோளைப் பிடித்தது. வருஷா வருஷம் வட்டலப்பம் வாங்கும் ஹலீமா.

"என்ன லாத்தா, உங்க நம்பரைப் போட்டா அப்படி ஒண்ணு இல்லைன்னு இங்கிலீஷ்ல சொல்லுது? நிறுத்திட்டீங்களா? நான் வேற ஆள்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

"நிறுத்தலம்மா. நம்பர்தான் மாறிடுச்சு. எழுதிக்க" என்று ஆரம்பித்த ஜரீனா அப்படியே நின்றாள். புது நம்பர் அவளுக்கு மனப்பாடம் இல்லை. போனும் வீட்டில் கிடந்தது. மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு நம்பர் கணவருடையது மட்டும்தான். ஒரு கணம் யோசித்தாள். யோசித்த பிறகும் அதையே சொன்னாள்.

ஹலீமா அதை அங்கேயே வாட்ஸாப் குரூப்பில் போட்டாள். முன்னால் நின்றவர்களும் பின்னால் நின்றவர்களும் ஆளுக்கு இரண்டு குரூப்பில் போட்டார்கள்.

மறுநாள் நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் இஸ்மாயில் தொண்டை கட்டிப்போய் வந்து சேர்ந்தார். கையில் கடை ரசீதுகள், பின்பக்கமெல்லாம் பேரும் நம்பரும்.

"அறுபத்தி மூணு பேர்! சூட்கேஸ் கேட்டு வந்தவனை நிக்க வெச்சுட்டு, குலா மலாக்கா அசலான்னு கேக்குறவளுக்குப் பதில் சொல்றேன். கட் பண்ணா மறுபடி அடிக்கிறாங்க. ஒருத்தி என்கிட்டயே கேக்குறா, ஜரீனா லாத்தா உங்களுக்கு எவ்வளவு சம்பளம் தர்றாங்கன்னு!"

முஸ்கான் சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் ஓடினாள். ஜரீனா ரசீதுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உம்ரா கைக்கு வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னாள்.

"நாளைக்கே உனக்கு நல்ல லைனா எடுத்துத் தர்றேன், பில் நானே கட்டுறேன்" என்றார் இஸ்மாயில், கெஞ்சாத குறையாக.

"அது கிடக்கட்டும். யாருக்கு எத்தனை டப்பான்னு எழுதவே இல்லையேங்க?"

அவர் ஒரு ரசீதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

ஜரீனா ரசீதுகளை அவர் பக்கமே தள்ளி, மேலே இரண்டு பேரீச்சம்பழங்களை வைத்தாள். "நோன்பைத் திறந்துட்டு, முதல் ஆள்லேர்ந்து வரிசையாக் கூப்பிட்டுக் கேளுங்க."