மாப்பிள்ளைக்கு ஒரு 'தூ'

கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். இருபத்தாறு வருடங்களாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர் செய்யும் தப்புக்கெல்லாம் கத்தியவன். அப்பேர்ப்பட்டவன் போன மாதம் முழுக்க, சனிக்கிழமை தவறாமல், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து பிரெஞ்சு படித்தேன். கல்லூரி மாணவர்கள் எங்கள் பகுதி ஆட்களுக்காக நடத்தும் இலவச வகுப்பு. எனக்கு வாய்த்த டீச்சருக்கு என் மகளைவிட ஐந்து வயது குறைவு. நான் தப்பாக உச்சரித்தபோதெல்லாம் என் வலது கால் தானாகப் பெஞ்சுக்கடியில் பிரேக்கைத் தேடியது.

இந்த வயதில் எதற்கு பிரெஞ்சு என்றால், எல்லாம் என் வாய்க்கொழுப்புதான். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள், பிரெஞ்சு பேசும் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். "அந்த ஆளு பேசுறது எனக்குப் புரியாது, நான் பேசுறது அந்த ஆளுக்குப் புரியாது. நான் எதுக்கு வரணும்?" என்று கேட்டு, கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டேன். பெரிய வீரன். இரண்டு வருடம் மகள் அவள் அம்மாவோடு மட்டும்தான் பேசினாள். இப்போது மகளும் மாப்பிள்ளையும் மூன்று நாள் வந்து தங்கப் போவதாகச் செய்தி வந்தது.

"இந்தத் தடவையும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டீங்கன்னா, அவ இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டா" என்றாள் மனைவி. எனக்கும் தெரியும். பயமாகத்தான் இருந்தது.

முழு மொழியும் என் மண்டையில் ஏறாது என்பது முதல் வாரமே டீச்சருக்குப் புரிந்துவிட்டது. அதனால் ஒரே ஒரு வாக்கியம் கேட்டு வாங்கிக்கொண்டேன். நீங்கள் என் மகன். அதைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதினேன்: 'வூஸெத் மோன் ஃபீஸ்.' மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இலவசம்னீங்க, என்ன ஃபீஸ்?" என்று சண்டைக்கு வந்தாள்.

அந்த வாக்கியத்திலும் டீச்சருக்குத் திருப்தியில்லை. "அங்கிள், 'வூ'ன்னா நீங்க. 'தூ'ன்னா நீ. வீட்டு ஆளுங்களுக்கு 'தூ'தான் சொல்லணும்."

"துப்புற மாதிரி இருக்கே" என்றார் பக்கத்து பெஞ்ச் சலூன்காரர். வகுப்பே சிரித்தது.

"மாப்பிள்ளையப் போய் எப்படிம்மா நீன்னு சொல்றது?" என்றேன்.

"அங்க அப்படித்தான் அங்கிள்."

"அங்க எப்படியோ. எனக்கு வாய் வராது."

கிளட்ச் எங்கே இருக்கிறது என்று எனக்கே பாடம் எடுக்கும் மாணவர்களை நான் என்னென்ன திட்டியிருக்கிறேன்! அதே வேலையைத்தான் நானும் செய்தேன்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல உயரம். வாசலில் தலை இடிக்காமல் குனிந்து, சிரித்தபடி உள்ளே வந்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "வூஸெத் மோன் ஃபீஸ்" என்றேன்.

சிரிப்பு அப்படியே வடிந்துவிட்டது. "மெர்சி, மெஸ்யூ" என்றார். நன்றி, சார். மெஸ்யூ என்றால் சார் என்கிற அளவுக்கு நான் படித்திருந்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

மகள் என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "என்னப்பா இது? 'ஐயா அவர்களே, தாங்கள் என் மகன்'ங்கிற மாதிரி இருக்கு. நீங்க இன்னும் கோவத்துல குத்திக்காட்டுறீங்கன்னு நினைச்சுக்கிட்டாரு."

"மரியாதை குடுத்தேன்மா."

"அவருக்கு எதுக்குப்பா மரியாதை? நம்ம வீட்டு ஆளுன்னு நீங்க நினைச்சாப் போதும்." அவள் குரல் உடைந்தது. இரண்டு வருடம் கழித்து என்னிடம் பேசுகிறாள், அதிலும் அழ வைத்துவிட்டேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

கூடத்துக்குப் போனேன். மாப்பிள்ளை டாக்டரைப் பார்க்கக் காத்திருப்பவர் போல சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் போய் நின்றேன்.

"தூ..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. வூவை எடுத்துவிட்டுத் தூவைப் போட்டால் அடுத்த சொல்லும் மாறும் என்று டீச்சர் சொன்னது ஞாபகம் இருந்தது. என்னவாக மாறும் என்பதுதான் மறந்துவிட்டது. "தூ... தூ..."

உள்ளிருந்து மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். "ஐயையோ! வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையப் பாத்துத் துப்புறீங்களே! உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

மகள் அழுகையும் சிரிப்புமாகச் சுவரில் சாய்ந்துவிட்டாள். மாப்பிள்ளை என்னையே பார்த்தார். "தூ?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். விரலால் அவரைக் காட்டினேன். "தூ. மோன் ஃபீஸ்."

அவர் முகம் சிவந்தது. சோபாவில் நகர்ந்து, பக்கத்தில் தட்டிக்காட்டி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். "மாமா. நீ. உக்காரு."

மனைவி பதறிப்போனாள். "நீங்கன்னு சொல்லணும் தம்பி. உக்காருங்கன்னு சொல்லணும்."

நான் உட்கார்ந்தேன்.

"நீ சும்மா இரு" என்றேன் அவளிடம். "அவன் சரியாத்தான் பேசுறான்."