கூப்பிடாமல் போகும் வீடு

சட்டமன்றம் கலைக்கப்பட்ட மறுநாள் ஹரிதாஸின் சேவை மையத்துக்குப் புனிதா போனாள். மகன் கவிநேசன் ஆயர் குரோவில் வீடு வாங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை புதுமனை புகுவிழா. அதற்கு ஹரிதாஸை அழைக்க வேண்டும். மகனிடம் சொல்லவில்லை.

ஹரிதாஸ் இரண்டு தவணை அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். இந்த முறை கட்சி அவருக்கு இடம் தரவில்லை. யாரும் வருந்தவில்லை. அங்கிருந்த தோட்டத்தை அதன் முதலாளிகள் வீடமைப்புக்கு விற்றபோது, கோயில் நிற்கும் நிலம் நம்முடையது அல்ல, வழக்குப் போட்டாலும் நிற்காது, கொடுக்கிற மாற்று இடத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவர் அவர். மற்றவர்கள் உயிரைக் கொடுப்போம் என்றார்கள். கோயில் இடம் மாறியது. உயிரைக் கொடுப்பதாகச் சொன்னவர்கள் குடமுழுக்குக்கு வந்து மாலை வாங்கிக்கொண்டார்கள். மாற்று இடம் கழிவுநீர்க் குளத்தின் பக்கத்தில் இருந்தது. காற்று அடிக்கும் நாட்களில் பூசைக்கு நிற்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஹரிதாஸின் பெயரைச் சொன்னார்கள்.

சட்டமன்ற உறுப்பினரை அங்கே வைபி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு இன்னொரு பெயரும் இருந்தது. சாவு வைபி. கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு எதிலும் அவரைப் பார்க்க முடியாது. சாவு வீட்டில் பார்க்கலாம். தானே காரை ஓட்டிக்கொண்டு வருவார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். எடுக்கும்வரை இருப்பார். செத்தவன் ஓட்டுப் போடமாட்டான் என்று தெரியாத ஒரே அரசியல்வாதி நம்ம வைபிதான் என்று காப்பிக்கடையில் சிரிப்பார்கள்.

புனிதாவின் கணவன் மாயாண்டி குடித்துவிட்டுக் கால்வாயில் விழுந்து செத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டி மூடியே வந்தது. அவன் சண்டை போடாத வீடு அந்த வரிசையில் இல்லை. ஆள் வரவில்லை. பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்த கவிநேசன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நின்றான். பெட்டியைத் தூக்க மாயாண்டியின் தம்பியும் வண்டிக்காரர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். நான்காவது மூலைக்கு ஆள் இல்லை. ஹரிதாஸ் நாற்காலியிலிருந்து எழுந்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்தார். நான்காவது மூலையைத் தூக்கினார். மழை பெய்து வாசல் சேறாக இருந்தது. யாரும் படம் எடுக்கவில்லை.

அதன் பிறகு புனிதா அவரோடு பேசியதில்லை. மற்ற சாவு வீடுகளில் தூரத்திலிருந்து பார்ப்பாள். ஒரு நாள் அவரைத் தன் வீட்டில் உட்கார வைத்து இலை போட வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். வாடகை ஃப்ளாட்டில் அதற்கு ஒரு நாள் அமையவில்லை.

சேவை மையத்தில் குமாஸ்தா லுத்ஃபியா கோப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, மனு எல்லாம் இனிமே புது ஆளுகிட்டதான்.”

“மனு இல்ல. வைபிய வீட்டுக்குக் கூப்பிட வந்தேன்.”

லுத்ஃபியா அவள் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம். உள்ளே போனாள்.

ஹரிதாஸ் ஒரு மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தார். புனிதா தட்டை நீட்டினாள். விசிறியை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தரையில் வைத்தார். கையைச் சட்டையில் துடைத்தார். தட்டை இரண்டு கையாலும் வாங்கினார்.

நல்ல காரியத்துக்கு நீங்கள் வருவதில்லை என்று சொல்கிறார்களே, இதற்கு வருவீர்களா என்று கேட்டாள்.

கார்டு நிறைய வரும் என்றார். கூடவே நன்கொடை கேட்டு ஒரு தாளும் வரும். மையத்திலிருந்து பணத்தை அனுப்பிவிடுவார்கள். தன்னைத்தான் வரச் சொல்கிறார்கள் என்று அவருக்கு ஒரு தடவையும் தோன்றியதில்லை. குறையாக அவர் அதைச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்று சொல்வதுபோல் சொன்னார்.

“நல்லதுக்குக் கூப்பிட்டாத்தான் போகணும். சாவுக்குக் கூப்பிடாம போகலாம். எனக்கு அது ஒண்ணுதாம்மா இருந்துச்சு.”

புனிதா தரையிலிருந்த விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வைபி, ஜிப்பா இருக்கா வீட்டுல?” என்றாள் லுத்ஃபியா. “இந்த வெள்ளைச் சட்டையோட போயிடாதீங்க. யார் செத்தான்னு கேப்பாங்க.”

ஹரிதாஸ் சிரித்தார். அவர் சிரித்து புனிதா அன்றுதான் பார்த்தாள். வருகிறேன் என்று சொன்னார்.

சனிக்கிழமை, வாசலுக்கு மாவிலை கட்டும்போது, புனிதா மகனிடம் சொன்னாள். கவிநேசன் ஏணியிலிருந்து இறங்கிவிட்டான். அவன் மாமனார் கணேஸ்வரன் கோயில் கமிட்டித் தலைவர். கவிநேசனின் மனைவிக்கு இது ஏழாம் மாதம்.

“புது வீட்டுக்குச் சாவு வைபியா? மாமா கேட்டுலயே திரும்பிடுவாரு லா.”

“உங்கப்பா பெட்டியத் தூக்கினவருடா.”

“அதத்தான் சொல்றேன். அவரப் பார்த்தா எனக்கு அந்தப் பெட்டிதாம்மா தெரியுது.”

கூப்பிட்டாயிற்று, இனி மாற்ற முடியாது என்று மட்டும் சொன்னாள். கவிநேசன் மறுபடி ஏணியில் ஏறினான்.

ஞாயிறு காலை பால் பொங்கியது. ஐயர் மந்திரம் சொன்னார். கணேஸ்வரன் வீட்டைச் சுற்றிப் பார்த்து, சமையலறைக் குழாயைத் திறந்து மூடி, தண்ணீர் வேகம் பரவாயில்லை என்றார். பந்தி தொடங்கியது. புனிதா ஓர் ஓரத்தில் ஓர் இலையை விரித்து, அதில் யாரையும் உட்கார விடவில்லை. கேட்டைப் பார்த்துக்கொண்டே பரிமாறினாள். யாரைத் தேடுகிறீர்கள் என்று சம்பந்தி அம்மாள் கேட்டதற்கு, யாரையும் இல்லை என்றாள்.

கடைசிப் பந்தியும் எழுந்தது. கவிநேசன் வந்து அந்த இலைக்கு முன்னால் நின்றான்.

“வரமாட்டாரு. நேத்து போன் பண்ணி, விசேஷத்தத் தள்ளி வச்சிட்டோம்னு சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“சரி தம்பின்னாரு. நல்லா இருங்கன்னாரு.”

குறித்த முகூர்த்தத்தை முந்தின நாள் யாரும் தள்ளி வைப்பதில்லை. அது அவருக்குத் தெரியாமல் இருக்காது. புனிதா சோறு, சாம்பார், ரசம், கூட்டு, பாயசம் எல்லாவற்றையும் தூக்குப்பாத்திரத்தில் போட்டாள். விரித்த இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். கிராப் வாடகைக் கார் வரவழைத்து தெங்கேராவுக்குப் போனாள்.

ஹரிதாஸின் வீட்டில் கதவு திறந்திருந்தது. கூடத்தில் சாமான்கள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. மனைவி இறந்தபின் அவர் தனியாக இருந்தார். சந்தன நிற ஜிப்பாவும் வேட்டியும் உடுத்தியிருந்தார். ஜிப்பாவில் கடை மடிப்பு இன்னும் போகவில்லை.

“வாங்கம்மா. பால் பொங்குச்சா?”

“பொங்குச்சு.”

“எந்தப் பக்கம்?”

“கெழக்க.”

“நல்லது.”

அவர் தரையில் உட்கார்ந்தார். அவள் இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாள். சோறு ஆறியிருந்தது. அவர் அவசரப்படாமல் சாப்பிட்டார். ரசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அறை எத்தனை, சாமி மேடை எங்கே, பின்னால் துணி காயப்போட இடம் உண்டா என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மத்தியான வெயில் எந்த ஜன்னலில் விழும் என்பதையும் சொன்னாள். அவர் பார்த்ததுபோல் தலையாட்டினார்.

“தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க. அன்னைக்குச் சட்டியோட முன்னால போறப்ப அதுக்குக் கை நடுங்குச்சு. நான் பின்னால இருந்து பார்த்தேன்.”

அவருக்கு அந்த நாள் நினைவிருக்கும் என்று புனிதா நினைத்ததே இல்லை. எத்தனையோ வீடுகள். எத்தனையோ பெட்டிகள்.

மறுநாள் லாரி வருகிறது. ஜொகூரில் மகள் வீட்டுக்குப் போகிறார். இனி இந்தப் பக்கம் வேலை இல்லை என்றார்.

அவர் சாப்பிட்டு முடித்து இலையின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்தார். சாவு வீட்டில் அப்படித்தான் மடிப்பார்கள், அந்தப் பக்கமாக. கை நின்றது. பிறகு மேல் பாதியைப் பிடித்துத் தன் பக்கமாக மடித்தார்.

“இப்பவே வாங்க” என்றாள் புனிதா. “எல்லாரும் போயிட்டாங்க. வாசல்ல நின்னுட்டு வந்தாகூடப் போதும்.”

“அது தம்பி வீடும்மா. தம்பி கூப்பிடல.”

கோயில் நிலத்தைப் பற்றிச் சொன்னபோதும் அவர் குரல் இப்படித்தான் இருந்தது. அன்று அவள் கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து, அவர் சொல்வது சரி என்று தெரிந்தும் கையைத் தூக்காமல் இருந்தாள். இன்றும் அவர் சொல்வது சரியாகத்தான் இருந்தது.

அவர் கேட்வரை வந்தார். கிராப் வரும்வரை அவளோடு நின்றார். கார் திரும்பும்போது புனிதா கண்ணாடி வழியே பார்த்தாள். புது ஜிப்பாவோடு தெருவில் நின்றுகொண்டிருந்தார்.

ஆயர் குரோவில் கவிநேசன் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கினான். காலியாக இருந்தது.

“சாப்பிட்டாரா?”

“சாப்பிட்டாரு.”

அவன் பாத்திரத்தோடு நின்றான். வீட்டில் புதுச் சுண்ணாம்பு வாசமும் சாம்பிராணி வாசமும் கலந்திருந்தன.

“அவர் நம்பர் உன் போன்ல இருக்குல்ல?”

“இருக்கு.”

“அழிச்சிடாத.”

“எதுக்கும்மா?”

“எனக்கு ஒண்ணுன்னா அவருக்குச் சொல்லிடு. ஜொகூர் ஒண்ணும் தூரமில்ல. வந்துடுவாரு.”