அட்டைப்பெட்டியில் போன இரண்டு குட்டிகள்

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கோபம் என் அக்காவுடையது. கேட்கக் கேட்க எனக்கும் தொற்றிக்கொண்டது. ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று மூன்று வாரம் காத்திருந்தேன். ஆறவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தாய்மை என்பது எல்லா உயிர்களுக்கும்…’ அடித்துவிட்டேன். அக்கா வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

2.

அக்கா வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறாள். அவள் வளர்க்கும் பழுப்பு நாய், தையல் மெஷினுக்கு அடியில், வெட்டுத்துணிக் குவியலில் ஐந்து குட்டி போட்டது. கடைசிக் குட்டி கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். (பொய். உள்ளங்கை அளவு இருந்தது. எழுதும்போது சுருங்கிவிட்டது.)

பிறந்த குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. அக்கா வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தாள். மற்றவை முட்டித் தள்ளும்போதெல்லாம் சின்னதைத் தூக்கி, பால் நிறைந்த காம்பில் பிடித்துவைத்தாள். தினமும் சமையலறைத் தராசில் நிறுத்தாள். தாய் குட்டிகளை விட்டு எழுந்து போகப் பயந்தது. அதனால் சாப்பாட்டுக் கிண்ணம் அது படுத்த இடத்துக்கே வந்தது. சின்னது எடை கூடிய அன்று எனக்கு மூன்று முறை போன் செய்தாள்.

3.

அத்தானைப் பற்றி ‘அவர் கெட்டவர் இல்லை, ஆனால்’ என்று எழுதி, அந்த ‘ஆனால்’ தாண்ட முடியாமல் விட்டேன்.

அவருடைய மேலாளர் வீட்டில் குட்டி கேட்டார்களாம். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று, ஒன்றுக்கு இரண்டாகவே தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். இருபதாம் நாள் காலை, அக்கா சீருடைகளைக் கொடுக்கப் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து, கொழுத்ததையும் சின்னதையும் அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துப்போனார்.

அவள் திரும்பியபோது நாய் துணி மூட்டைகளைக் கிளறிக்கொண்டிருந்தது. அத்தான் நாற்காலியில் இருந்தார்.

“எட்டு வாரம் தாய்கிட்ட இருக்கணும்னு டாக்டர் உங்க முன்னாடிதானே சொன்னாரு?”

“வாக்குக் கொடுத்துட்டேன். அவருகிட்ட போய் எப்படி இல்லன்னு சொல்றது?”

“என்கிட்ட மட்டும் சொல்லாமலே செய்யலாமா?”

முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

4.

முதல் வரைவில் இரண்டையும் காப்பாற்றினேன்.

நடந்தது இது. மேலாளரின் மனைவி நல்ல மனதோடுதான், கைக்குழந்தைக்குப் புகட்டுவதுபோல் மல்லாக்கப் படுக்கவைத்துப் பாட்டில் பால் கொடுத்திருந்தார். குட்டியைக் குப்புறப் படுக்கவைத்துத்தான் புகட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சின்னதற்குப் பால் நுரையீரலில் இறங்கிவிட்டது. அன்று மாலை மருத்துவரின் மேசைமேல், அக்காவின் கைக்குள் செத்தது. கொழுத்தது பிழைத்து அக்காவோடு வீடு திரும்பியது.

அக்கா வரைவைப் படித்தாள்.

“செத்ததை ஏண்டி உயிரோட எழுதியிருக்க? அவரு படிச்சா நிம்மதியாத் தூங்குவாரு.”

சின்னது செத்த அன்று இரவு வீட்டில் அத்தான் கேட்டது, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல்: “ஒரு நாய்க்குட்டிக்கா இவ்வளவு?”

அக்கா அவருடைய நான்கு சட்டைகளையும் சவரப் பெட்டியையும் வாசலில் வைத்துக் கதவைத் தாழிட்டாள். அவர் தன் அண்ணன் வீட்டுக்குப் போனார்.

5.

முடிவு ஒன்று: அத்தான் மன்னிப்புக் கேட்கிறார். (இன்றுவரை கேட்கவில்லை.)

முடிவு இரண்டு: நாய் அவரைக் கண்டு வாலாட்டுகிறது. ஆட்டும்தான். அதை முடிவாக வைத்தால், அவருக்காகப் பரிந்துபேச நாயைக் கூலிக்குப் பிடித்த மாதிரி ஆகும்.

முடிவு மூன்று: அக்கா

இப்போது, அக்கா வீட்டில் உட்கார்ந்து இதை எழுதும்போதே, கதவு தட்டப்படுகிறது. அவர்தான், செருமலிலேயே தெரிகிறது. அக்கா நான்கு குட்டிகளுக்கும் சோறு பிசைந்துகொண்டிருக்கிறாள். பிசைவது நிற்கவில்லை.

“திறக்கிறதுன்னா நீ திற. நான் திறக்கமாட்டேன்.”

நானும் எழுந்திருக்கப் போவதில்லை. வாசிக்கிறவரே, தாழ்ப்பாள் உங்களுக்கு எட்டும் உயரம்தான். திறப்பதானால், அதற்கு முன் அவரிடம் ஒன்று கேளுங்கள்: அந்தச் சின்னது மொத்தம் எத்தனை நாள் உயிரோடிருந்தது?