குடைக்காரி வரும் காட்சி

நாங்கள் எடுத்த அந்தக் கடற்கரைச் சிரிப்புப் படம் நான்கு நாள்கூட ஓடவில்லை. பதினோரு நாளில் சுருட்டிய அந்தக் கூத்துக்கு நான்தான் கேமராமேன் என்று முப்பது வருடமாக வெளியே மூச்சுவிட்டதில்லை. இப்போது யாரோ சில இளவட்டங்கள் அதை மாதாமாதம் ஞாயிறு காலைக் காட்சியில் போட்டுக் கொண்டாடுகிறார்களாம்.

"ஒரு தடவ வந்து பாருங்கப்பா," என்று மகள் இழுத்துப் போனாள்.

அரங்கு நிறைந்திருந்தது. எல்லார் மடியிலும் குடை. கிறுக்குப் பிடித்த கூட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

கதாநாயகனை அட்டை நண்டு துரத்தும் காட்சி வந்தது. அதில் குடை பிடித்த ஒருத்தி, சாப்பாட்டுக் கேரியரோடு நேராகக் கேமராவைப் பார்த்து வந்து கையாட்டி ஏதோ சொல்வாள். என் மனைவிதான். எனக்குச் சோறு கொண்டுவந்தவள், கேமரா ஓடுவது தெரியாமல் நடுவில் புகுந்துவிட்டாள். மறுபடி எடுக்க ஃபிலிம் இல்லை. டைரக்டர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்தக் கோபத்தை அப்படியே நான் அவளிடம் காட்டினேன். பிறகு படப்பிடிப்புப் பக்கம் அவள் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது.

அவள் திரையில் வந்ததும் அரங்கில் இருநூறு குடைகள் விரிந்தன. படத்தில் அவள் குரல் இல்லை. உதட்டசைவைப் பார்த்துப் பார்த்து இவர்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் சொன்னது:

"மணி மூணாச்சு, சாப்பிட வாங்க."

நான் எழுந்து நின்று கத்தினேன்.

"குடைய மடக்குங்கய்யா. எனக்கு அவ முகம் தெரியல."